ஒத்தெல்லோவில் ஒரு சொல்: இலக்கியத்தின் வழியே ஆங்கிலச் சொற்பொருள்

ஆங்கிலம் கற்கும்போது அரிய சொற்களைக் கண்டுதான் பெரும்பாலோர் அஞ்சுகிறார்கள். லத்தீன் வேரும் நீண்ட உடலும் கொண்ட அந்தச் சொற்கள் உண்மையில் அவ்வளவு தொல்லை தருவதில்லை. அவற்றில் பலவற்றுக்கு ஒரே பொருள்தான்; அகராதியை ஒருமுறை புரட்டினால் போதும். சிக்கல் இருப்பது எளிய சொற்களில். அமெரிக்க மொழி ஆய்வாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஸிப் 1945இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு சொல் எவ்வளவு அதிகமாகப் புழங்குகிறதோ, அந்த அளவுக்கு அதன் பொருள்களும் பெருகியிருக்கும் என்று அதில் காட்டினார். தினமும் கேட்கிற சொல்லில்தான் பொருள்கள் அடர்ந்து கிடக்கின்றன. தெரிந்த சொல்தானே என்று கடந்து போவதால், புரியாமல் போனது நமக்குத் தெரிவதுகூட இல்லை.

அப்படிப்பட்ட ஒரு சொல்லின் பொருள்களை அகராதி எண்ணிட்டு வரிசைப்படுத்தும். ஆனால் அந்தப் பொருள்கள் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன, யார் யாரைப் பார்த்துச் சொன்னால் எது மேலெழும், ஒரு பொருள் இன்னொன்றின் மறைவில் எப்படி நுழையும் என்பவற்றை முழு நீளப் படைப்பில்தான் பார்க்க முடியும். இதை வாதமாக மட்டும் வைக்காமல் ஒரே ஒரு சொல்லைப் பின்தொடர்ந்து காட்ட விரும்புகிறேன். 'நேர்மையான' என்று நாம் பள்ளியிலேயே படித்துவிட்ட 'ஆனஸ்ட்' அந்தச் சொல். ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' அதைக் கற்கும் இடம்.

அகராதியின் ஊற்று

அகராதிக்கும் இலக்கியத்துக்கும் உள்ள உறவிலிருந்து தொடங்கலாம். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில் ஏறத்தாழ 1,14,000 மேற்கோள்கள் உண்டு. ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன், பைபிள் என்று நூல் நூலாகப் படித்து, வேண்டிய வரிகளை அவர் பென்சிலால் குறித்துவைத்தார். உதவியாளர்கள் அவற்றைத் துண்டுத்தாள்களில் எழுதி அடுக்கினார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதே முறையை ஒரு பெரும் கூட்டு உழைப்பாக மாற்றியது. 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் ரிச்சர்ட் செனவிக்ஸ் டிரெஞ்ச் ஆற்றிய உரைகள் அதற்கு விதை போட்டன. 1879இல் ஜேம்ஸ் முர்ரே ஆசிரியர் பொறுப்பேற்றார். நூல்களைப் படித்து மேற்கோள் அனுப்பும்படி ஆங்கிலம் வாசிக்கும் பொதுமக்களை அவர் வேண்டினார். ஆசிரியர்கள், பாதிரியார்கள், வீட்டில் இருந்த பெண்கள் எனப் பலரும் இலட்சக்கணக்கான சீட்டுகளை அனுப்பிவைத்தார்கள். முதல் பகுதி 1884இல் வந்தது. பணி 1928இல் நிறைவுற்றது. முதல் பதிப்பில் 4,14,825 சொற்களும் 18,27,306 மேற்கோள்களும் இடம்பெற்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் பொருளுக்குப் பக்கத்தில் இலக்கிய ஆட்சியைத் தருகிறது என்பது நமக்குத் தெரிந்ததே.

அகராதியில் எண்ணிட்டு நிற்கும் பொருள்கள் வாக்கியங்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவை. அப்படிப் பிரிக்கும்போது பேசியவரும் கேட்டவரும் அவர்களுக்கிடையே இருந்த ஏற்றத்தாழ்வும் உதிர்ந்துபோகின்றன. படைப்புக்குத் திரும்பிச் செல்கிற வாசகர் அவற்றையெல்லாம் மீட்டுக்கொள்கிறார்.

பல பொருள் ஒரு சொல்

ஒரு சொல் பல பொருள் தருவதைப் பற்றித் தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஒரு கூர்மையான பாகுபாட்டைத் தருகிறது. நாம் எடுத்துக்கொண்ட ஆங்கில நாடகத்தைப் படிக்க அதைவிடப் பொருத்தமான கருவி கிடைப்பது அரிது. பல பொருள் ஒரு சொல்லை அது இரண்டாகப் பிரிக்கிறது: வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது. முதல் வகையில், உடன் வரும் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் பொருள் தெளிந்துவிடும். மாப் பூத்தது என்றால் அது மரம்தான் என்பதில் ஐயமில்லை. இரண்டாம் வகையில் எந்தப் பொருளோடும் அந்த வினை பொருந்தும். மா வீழ்ந்தது என்றால் வீழ்ந்தது மரமா விலங்கா? உரையாசிரியர்கள் இந்த எடுத்துக்காட்டுகளைக் காட்டி, இரண்டாவது இடத்தில் மாமரம் என்றோ மாவாகிய விலங்கு என்றோ பேசுபவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். தெளிவுபடுத்தும் கடமை பேசுபவருடையது.

அந்தக் கடமையை ஒருவன் வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? 'ஒத்தெல்லோ' நாடகத்தின் மையத்தில் இந்தக் கேள்விதான் இருக்கிறது.

'ஆனஸ்ட்' வந்த வழி

இந்தச் சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'ஹானர்' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. அதனால் தொடக்கத்தில் 'ஆனஸ்ட்' என்பது பிறர் மதிக்கும் நிலையில் இருப்பவரை, மரியாதைக்குரியவரைக் குறித்தது. பொய் சொல்லாமை, திருடாமை, ஏமாற்றாமை என்ற இன்றைய பொருள் அதே கிளையில் வளர்ந்து காலப்போக்கில் மற்றவற்றை மூடிக்கொண்டது.

ஷேக்ஸ்பியர் காலத்தில் மூன்று பொருள்கள் ஒருங்கே உயிரோடு இருந்தன. ஆணைப் பற்றிப் பேசினால் அது பெரும்பாலும் வாக்குத் தவறாமை, நம்பகம். பெண்ணைப் பற்றிப் பேசினால் கற்பு. மேலோர் கீழோரைப் பற்றிப் பேசும்போது அது ஒரு தட்டிக்கொடுப்பு: நல்ல பையன், விசுவாசமானவன், சொன்னதைச் செய்பவன். தமிழில் உத்தமன் என்றால் ஒரு பொருளும் உத்தமி என்றால் இன்னொரு பொருளும் முந்திக்கொள்வதை எண்ணிப் பார்த்தால் முதல் இரண்டும் எளிதில் விளங்கும். தமிழில் விகுதி மாறுகிறது; ஆங்கிலத்தில் அதுவும் மாறுவதில்லை. யாரைப் பற்றிய பேச்சு என்பது ஒன்றே அடையாளம்.

கற்பு என்ற பொருள் ஏதோ மூலையில் கிடந்த ஒன்றல்ல. 'ஹாம்லெட்'டில் ஹாம்லெட் ஒஃபீலியாவைப் பார்த்து இந்தச் சொல்லை வைத்துக் கேட்கும் கேள்வி அவள் உண்மை பேசுகிறாளா என்பதோடு நிற்பதில்லை. கற்பின் மீதே கை வைக்கிறது. 'தி மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்ஸர்' நாடகத்து மனைவிமார் கலகலப்பாக இருப்பவர்களும் 'ஆனஸ்ட்' ஆக இருக்கலாம் என்று சொல்லும்போதும் பேச்சு கற்பைப் பற்றியதுதான். 1604இல் தாமஸ் டெக்கரும் தாமஸ் மிடில்டனும் எழுதி அச்சான ஒரு நாடகத்தின் பெயர் 'தி ஆனஸ்ட் ஹோர்'. ஒரு கணிகையின் பெயருக்கு முன் இந்த அடைமொழி. இன்றைய பொருளில் படித்தால் அது உண்மை பேசும் கணிகை என்றாகி ஆற்றல் இழந்துவிடும். அன்றைய பார்வையாளருக்கு அந்தத் தலைப்பே ஒரு முரண். அதே 1604 நவம்பர் 1ஆம் நாள்தான் லண்டன் ஒயிட்ஹால் அரண்மனையில் 'ஒத்தெல்லோ' நடிக்கப்பட்டது.

ஐம்பத்திரண்டு இடங்கள்

'ஆனஸ்ட்', 'ஆனஸ்டி' என்ற இரு வடிவங்களும் சேர்ந்து இந்த நாடகத்தில் 52 முறை வருவதாக ஆங்கிலத் திறனாய்வாளர் வில்லியம் எம்ப்சன் கணக்கிட்டார். 1951இல் வெளியான அவருடைய 'தி ஸ்ட்ரக்சர் ஆஃப் காம்ப்ளெக்ஸ் வேர்ட்ஸ்' என்ற நூலில் இந்தச் சொல்லுக்கென்றே ஓர் இயல் உண்டு. எண்ணிக்கையைக் காட்டிலும் அந்த இடங்கள் அமைந்திருக்கும் விதம் முக்கியம்.

கதையைச் சுருக்கமாக நினைவூட்டிவிடலாம். வெனிஸ் நகரத்துப் படைத்தலைவன் ஒத்தெல்லோ, மூர் இனத்தவன். அவனை விரும்பி மணந்தவள் டெஸ்டிமோனா. துணைத்தலைவர் பதவி தனக்குக் கிடைக்காமல் கேசியோவுக்குப் போய்விட்டது என்று புழுங்குகிறான் கொடி தாங்கும் அதிகாரி இயாகோ. டெஸ்டிமோனாவுக்கும் கேசியோவுக்கும் தொடர்பு என்று ஒத்தெல்லோவை அவன் நம்பவைக்கிறான். ஒத்தெல்லோ மனைவியைக் கொல்கிறான்.

முதல் காட்சியிலேயே இந்தச் சொல் இயாகோவின் வாயில் வந்துவிடுகிறது. எசமானுக்கு உழைத்து உழைத்துக் கிழமாகும் விசுவாசமான வேலைக்காரர்களை அவன் இதே அடைமொழியால் இகழ்கிறான். அவனைப் பொறுத்தவரை 'ஆனஸ்ட்' ஆக இருப்பவன் ஏமாளி. சில நிமிடங்களில் அதே சொல் திசை திரும்பி அவன் மீதே வந்து ஒட்டிக்கொள்கிறது. சைப்ரஸுக்குப் புறப்படும் ஒத்தெல்லோ, டெஸ்டிமோனாவைத் தனிக் கப்பலில் அழைத்துவரும் பொறுப்பை இயாகோவிடம் ஒப்படைக்கிறான். அப்போது அவன் பெயருக்கு முன் இந்தச் சொல்லை வைத்துத்தான் அழைக்கிறான். கேசியோவும் அப்படியே அழைக்கிறான். டெஸ்டிமோனாவும் அவனைக் குறித்து இந்தச் சொல்லையே சொல்கிறாள். நாடகம் பாதியை எட்டுவதற்குள் இயாகோவின் பெயரோடு அது ஒரு பட்டம்போல் ஒட்டிவிடுகிறது.

அந்தப் பட்டத்தில் ஓர் அடுக்கு வேற்றுமை ஒளிந்திருக்கிறது. ஒத்தெல்லோவுக்குக் கிடைப்பது 'நோபிள்' என்ற அடைமொழி. இயாகோவுக்கு 'ஆனஸ்ட்'. நமக்கு இரண்டுமே பாராட்டாகத்தான் கேட்கும். ஆனால் 'நோபிள்' என்பது உயர்ந்தோரின் குணத்தைச் சுட்டும் சொல். 'ஆனஸ்ட்' என்பது உயர்ந்தோர் தமக்குக் கீழே இருப்பவனுக்குத் தரும் நற்சான்று. கேசியோ குடித்திருக்கும் காட்சியில், மோட்சத்துக்குப் போவதிலும் துணைத்தலைவனுக்குத்தான் முன்னுரிமை என்று இயாகோவிடமே சொல்கிறான். அதே கேசியோ அவனை அன்போடு 'ஆனஸ்ட் இயாகோ' என்கிறான். இரண்டு பேச்சுகளுக்கும் அடியில் ஓடுவது ஒரே மனப்பான்மை. இயாகோவின் வெறுப்புக்கு இதுவும் ஒரு காரணம் என்று எம்ப்சன் வாதிட்டார். இந்த நுட்பத்தை எந்த அகராதியின் எந்த எண்ணின் கீழும் தேடிப் பயனில்லை. யார் யாருக்கு எந்தச் சொல்லைத் தருகிறார்கள், யாருக்குத் தருவதில்லை என்று பக்கம் பக்கமாகப் பார்த்தால்தான் பிடிபடும்.

ஒரே காட்சியில் மூன்று பேர்

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சிதான் நாடகத்தின் முதுகெலும்பு. தொடங்கும்போது ஒத்தெல்லோ மனைவியை முழுமையாக நம்புகிறான்; முடியும்போது அவளைக் கொல்லத் துணிந்துவிடுகிறான். இடையில் இயாகோ காட்டிய சான்று எதுவும் உறுதியானதல்ல. அவன் பயன்படுத்தியவை பெரும்பாலும் கேள்விகள், மௌனங்கள், திரும்பச் சொல்லப்பட்ட சொற்கள்.

கேசியோவைப் பற்றிய பேச்சில் ஒத்தெல்லோ இயல்பாக ஒரு கேள்வி கேட்கிறான்: அவன் 'ஆனஸ்ட்' இல்லையா? இயாகோ பதில் சொல்லாமல் அந்தச் சொல்லையே கேள்வியாக்கித் திருப்பித் தருகிறான். ஒத்தெல்லோ மீண்டும் அதையே சொல்கிறான். சொல் இருவருக்குமிடையே இப்படிப் போய்வரும்போது அதன் எல்லை அகன்றுகொண்டே போகிறது. கேசியோ விஷயத்தில் கேள்வி நம்பகத்தைப் பற்றியது என்றுதான் தொடங்கியது. பெண்ணோடு இணைத்துப் பேசப்படும் ஆணின் நம்பகம் என்று வந்தவுடன் இரண்டாம் பொருள் அருகில் வந்து நிற்கிறது. சற்று நேரம் கழித்து, டெஸ்டிமோனா 'ஆனஸ்ட்' என்பதில் தனக்கு ஐயமில்லை என்று ஒத்தெல்லோ தானாகவே சொல்கிறான். அதே சொல், பேசப்படுபவர் மாறிவிட்டார், பொருள் கற்பு என்று ஆகிவிட்டது. அவளைக் குறித்து இந்தச் சொல்லை இயாகோ முதலில் எடுக்கவில்லை. கணவனின் வாயிலிருந்தே வரவழைத்துவிட்டான்.

இயாகோ வெளியேறியதும் அவன் எவ்வளவு 'ஆனஸ்டி' உள்ளவன் என்று ஒத்தெல்லோ வியக்கிறான். ஒரே காட்சியில் ஒரே சொல்லால் மூன்று பேர் அளக்கப்படுகிறார்கள். கேசியோ சந்தேகத்துக்குரியவன் ஆகிறான். டெஸ்டிமோனா குற்றவாளி ஆகிறாள். உண்மையில் பொய்யன் ஒருவனே மூவரில் தேறுகிறான். இந்தக் காட்சியின் பிற்பகுதியில் ஒத்தெல்லோ அவன் கழுத்தைப் பிடிக்காத குறையாகச் சான்று கேட்கும்போது, நேர்மையாக இருப்பது ஆபத்து, நேர்மை ஒரு முட்டாள் என்று புண்பட்டவன்போல் இயாகோ புலம்புகிறான். முதல் காட்சியில் வேலைக்காரர்களை இகழ்ந்த அதே கருத்து இங்கே கவசமாகப் பயன்படுகிறது.

தொல்காப்பியத்தின் பாகுபாட்டை இங்கே பொருத்திப் பார்க்கலாம். பொருளைத் தெளிவுபடுத்த வேண்டிய இனமும் சார்பும் இந்தக் காட்சியில் மாறிக்கொண்டே இருக்கின்றன. எந்தப் பொருளில் பேசுகிறோம் என்று கிளந்து சொல்ல வேண்டிய இடத்தில் இயாகோ ஒருமுறைகூட அப்படிச் சொல்வதில்லை. கேசியோவின் நடத்தை குறித்து இன்ன தெரியும், டெஸ்டிமோனா குறித்து இன்ன தெரியாது என்று பிரித்துச் சொல்லியிருந்தால் அவன் சூழ்ச்சி அங்கேயே குலைந்திருக்கும். ஒரு சொல்லின் இரண்டு பொருள்களுக்கு நடுவே இருக்கும் கதவைத் திறந்தே வைத்திருப்பதுதான் அவன் முறை.

பியாங்காவும் இறுதிக் காட்சியும்

ஐந்தாம் அங்கத்தில், எளிதில் கண்ணில் படாத ஓர் இடம் உண்டு. கேசியோவின் காதலி பியாங்காவை எல்லாரும் விலைமகளாகவே நடத்துகிறார்கள். கேசியோ தெருவில் வெட்டுண்டு கிடக்கும்போது அவனுக்காக அழுகிறவள் அவள். இயாகோ பழியை அவள் மீது திருப்புகிறான். அவன் மனைவி எமீலியாவும் அவளை ஏசுகிறாள். பியாங்கா தலைநிமிர்ந்து, தன்னை ஏசும் எமீலியாவுக்கு எந்த வகையிலும் குறையாத 'ஆனஸ்ட்' வாழ்க்கை தன்னுடையது என்கிறாள். கற்பு என்ற குறுகிய பொருளில் அவள் கூற்றை வெனிஸ் ஒப்புக்கொள்ளாது. உண்மையான அன்பு, வஞ்சகமின்மை என்ற பொருளில் அந்த மேடையில் நிற்கும் இயாகோவைவிட அவளுக்குத்தான் அந்தச் சொல் சொந்தம். சமூகத்தின் அடித்தட்டில் நிற்கும் ஒரு பெண் சொல்லைப் பிடுங்கித் தனக்கு உரிமையாக்கிக்கொள்ளும் இடம் இது.

கொலைக்குப் பின் ஒத்தெல்லோ தன் செயலுக்குச் சாட்சியாக எமீலியாவிடம் அவள் கணவன் பெயரைச் சொல்கிறான். அவள் நம்ப முடியாமல் திரும்பத் திரும்பக் கேட்க, அவன் அந்தப் பட்டத்தை இரட்டித்துச் சொல்கிறான். பார்வையாளர் அதுவரை கேட்ட ஒவ்வொரு 'ஆனஸ்ட்'டும் அந்த இரட்டிப்பில் வந்து சேர்கிறது. உண்மை வெளிப்பட்டு, வாள் பறிக்கப்பட்ட நிலையில், 'ஆனஸ்டி' போனபின் 'ஹானர்' மட்டும் ஏன் வாழ வேண்டும் என்று ஒத்தெல்லோ தன்னையே கேட்டுக்கொள்கிறான். ஒரே வேரிலிருந்து பிரிந்த இரண்டு சொற்களை ஷேக்ஸ்பியர் ஒரே வரியில் எதிரெதிரே நிறுத்துகிறார். ஒன்று ஊர் தரும் மதிப்பு, மற்றது உள்ளே இருக்க வேண்டிய உண்மை. சொல்லின் பல நூற்றாண்டு வரலாறு அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

எம்ப்சனின் வகுப்பறை

இப்படி ஒரு வாசிப்பை எம்ப்சன் செய்ததற்கும் அவர் வாழ்க்கைக்கும் தொடர்பு இருப்பதாகவே நான் கருதுகிறேன். கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸின் மாணவரான அவர், 1930களில் ஜப்பானிலும் பிறகு சீனாவிலும் ஆங்கிலம் கற்பித்தார். சீனாவில் போர்க்காலத்தில் பல்கலைக்கழகங்கள் இடம்பெயர்ந்தபோது, நூல்கள் கைவசம் இல்லாமல் நினைவிலிருந்தே கவிதைகளைப் பாடம் நடத்தினார். ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்களின் கேள்விகள் அவரை நாள்தோறும் எதிர்கொண்டன.

அதே காலத்தில் சி. கே. ஆக்டன் 850 சொற்களைக் கொண்டு 'பேசிக் இங்கிலிஷ்' என்ற எளிய ஆங்கிலத்தை 1930இல் அறிமுகப்படுத்தினார். எம்ப்சன் அதை ஆர்வத்தோடு ஆதரித்தார், ஜே. பி. எஸ். ஹால்டேனின் அறிவியல் கட்டுரைகளை அந்த 850 சொல் ஆங்கிலத்தில் மாற்றியும் எழுதினார். சொற்களின் எண்ணிக்கை சுருங்கும்போது ஒவ்வொரு சொல்லும் சுமக்கும் பொருள் கூடுகிறது. 850 சொற்கள் கற்றால் போதும் என்பதற்குள், அவற்றின் பல மடங்கு பொருள்களையும் கற்றாக வேண்டும் என்பது மறைந்திருக்கிறது. இந்தச் சிக்கலை உள்ளிருந்து பார்த்தவர் எளிய சொற்களுக்கென்றே ஒரு பெரிய நூல் எழுதியது இயல்பானது. 'கிங் லியர்' நாடகத்தில் 'ஃபூல்', 'மெஷர் ஃபார் மெஷர்' நாடகத்தில் 'சென்ஸ்', மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் 'ஆல்' என்று அவர் எடுத்துக்கொண்டவை எல்லாம் தொடக்கப்பள்ளிச் சொற்கள்.

இன்றைய பொருள் என்னும் கண்ணி

'நார்னியா' கதைகளால் பலரும் அறிந்த சி. எஸ். லூயிஸ், 1954 முதல் கேம்பிரிட்ஜில் இடைக்கால, மறுமலர்ச்சிக்கால ஆங்கில இலக்கியப் பேராசிரியராக இருந்தார். 1960இல் வெளியான 'ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்' நூலில் அவர் ஓர் எச்சரிக்கை தருகிறார். ஒரு சொல்லுக்கு நம் காலத்தில் மேலோங்கி நிற்கும் பொருள்தான் பழைய நூலைப் படிப்பவருக்கு மிக ஆபத்தானது. அந்தப் பொருள் பழைய வாக்கியத்திலும் ஏறக்குறையப் பொருந்திவிட்டால் நாம் நிற்கவே மாட்டோம். பொருந்தாத சொல் நம்மை அகராதிக்கு அனுப்பும். பொருந்துவதுபோல் தோன்றும் சொல் ஏமாற்றிவிட்டு நகர்ந்துவிடும்.

'நைஸ்' இதற்குச் சரியான சான்று. அறியாதவன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த இது, இடைக்கால ஆங்கிலத்தில் மூடத்தனத்தைக் குறித்தது. பிறகு எளிதில் திருப்தியடையாத, நுணுக்கம் பார்க்கிற, மிகத் துல்லியமான, அற்பமான என்று பல கிளைகள் விட்டது. இனிமையான, நல்ல என்பவை பதினெட்டாம் நூற்றாண்டில்தான் பரவலாயின. 'ரோமியோ ஜூலியட்'டில் ரோமியோவுக்கு அனுப்பிய கடிதம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும், அது 'நைஸ்' ஆன கடிதம் அல்ல என்று பதறுகிறார் ஃபிரயர் லாரன்ஸ். இன்றைய பொருளில் அது இனிமையான கடிதம் அல்ல என்றாகிவிடும். அவர் சொல்வது, அது அற்பமான கடிதம் அல்ல, உயிர்ப்பிரச்சினை என்பது. இரண்டு உயிர்கள் போகப்போவதை அந்த வரி முன்கூட்டியே சொல்கிறது. ஒரு சொல்லைத் தவறவிட்டால் அந்த எச்சரிக்கையும் தவறிப்போகும்.

ஜேன் ஆஸ்டின் காலத்தில் பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தன. 'நார்தாங்கர் அபே' நாவலில் பாத் நகரத்துக் குன்றில் நடந்துபோகும்போது, ஒரு நாவலைக் கேத்தரின் 'நைஸ்' என்று புகழ, ஹென்றி டில்னி அவளைச் சீண்டுகிறான். அந்தச் சொல்லுக்கு நேர்த்தி, நுட்பம் என்ற பொருள்தான் முதலில் இருந்தது என்றும், இப்போது எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறார்கள் என்றும் அவன் குறை கூறுகிறான். அவன் முதற்பொருள் என்று நினைத்ததற்கும் முன்னால் மூடத்தனம் என்ற பொருள் இருந்தது. எந்தத் தலைமுறையும் தனக்குத் தெரிந்த பழமையையே தொடக்கம் என்று எண்ணிக்கொள்கிறது. இந்த நாவலும் 'பர்ஸுவேஷன்' நாவலும் ஆஸ்டின் மறைவுக்குப் பின் 1817 டிசம்பரில் ஒரே நான்கு தொகுதிகளாகச் சேர்ந்து வெளிவந்தன. 'பர்ஸுவேஷ'னில் எலியட் என்ற பாத்திரம், உயர்குடிக் கூட்டம் கல்வி விஷயத்தில் அவ்வளவு 'நைஸ்' ஆக இராது என்கிறான். அதாவது அவ்வளவு கறாராகப் பார்க்காது. ஒரே ஆசிரியர், ஒரே வெளியீடு, இரண்டு பொருள்கள். நுட்பமான வேறுபாட்டைக் குறிக்க 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று இன்றும் எழுதுபவர்கள் அந்தப் பழைய பொருளைத்தான் கையாள்கிறார்கள்.

வாசகர் செய்யக்கூடியது

இந்த வாசிப்பு முறை பேராசிரியர்களுக்கு மட்டும் உரியதல்ல. கல்லூரி மாணவரும் தானே படிக்கும் வாசகரும் செய்யலாம். ஒரு படைப்பையும் அதில் அடிக்கடி வரும் ஓர் எளிய சொல்லையும் தேர்ந்துகொள்ள வேண்டும். முன்பு இதற்குச் சொல்லடைவு நூல்கள் தேவைப்பட்டன. மேரி கௌடன் கிளார்க் பல ஆண்டுகள் உழைத்து ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கு அப்படி ஒரு பேரடைவை 1840களில் வெளியிட்டார். இன்று நாடகங்களின் முழுப் பாடமும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் சொல் வரும் இடங்களை நொடியில் திரட்டிவிடலாம்.

திரட்டுவது தொடக்கம்தான். ஒவ்வோர் இடத்திலும் சொல்பவர் யார், கேட்பவர் யார், யாரைப் பற்றி என்ற மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, காலம் குறித்த மேற்கோள்கள் கொண்ட ஒரு பெரிய அகராதியில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாக அந்த இடத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு பொருள் மட்டும் பொருந்தினால் கடந்துவிடலாம். இரண்டு பொருந்துகிற இடத்தில் நிற்க வேண்டும். படைப்பாளி அங்கேதான் வேலை செய்திருப்பார். 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலின் முதல் வாக்கியத்தில் வரும் 'வான்ட்' என்ற சொல்லை விருப்பம் என்று மட்டும் படிப்பவருக்கு ஆஸ்டினின் குறும்பில் பாதிதான் கிடைக்கும். இல்லாமை, தேவை என்ற பழைய பொருளையும் வைத்துப் பார்த்தால், செல்வந்தனான அந்த இளைஞனுக்கு என்ன குறை என்று தீர்மானிப்பது அவனா, ஊராரா என்ற கேள்வி உடனே எழும்.

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. பழைய இலக்கியத்தில் மட்டும் ஆங்கிலம் கற்றவர் இன்றைய அலுவலகத்தில் 'நைஸ்' என்று யாரேனும் சொன்னால் அதில் பழிப்பைத் தேடக்கூடும். ஒரு நாடகத்தில் ஒரு சொல் நடந்துகொள்ளும் விதம் அக்காலத்துப் பொது வழக்கின் அளவுகோல் ஆகிவிடாது; ஷேக்ஸ்பியர் சொல்லை அதன் இயல்பைத் தாண்டி முறுக்கியும் இருப்பார். அதனால் படைப்பையும் அகராதியையும் இன்றைய பேச்சையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட பின்னும் என் முடிவு மாறவில்லை. நம் வகுப்பறைகளில் சொல்லுக்குப் பொருள் தருவது ஒரு வேலையாகவும் இலக்கியம் நடத்துவது இன்னொரு வேலையாகவும் பிரிந்து கிடக்கின்றன. சொற்பட்டியல் மனப்பாடத்துக்கு, நாடகம் கதைச் சுருக்கத்துக்கு என்று ஆகிவிட்டது. இரண்டையும் சேர்த்துவிட்டால், ஒரு பருவத்தில் ஒரு நாடகத்தில் ஒரே ஒரு சொல்லை முழுமையாகப் பின்தொடர்ந்த மாணவர், நூறு சொற்களுக்கு ஒற்றைப் பொருள் எழுதப் பழகியவரைவிட அதிகம் கற்றிருப்பார். ஆங்கிலத்தில் ஒருவர் நம்மைப் பாராட்டும்போது அது நம்மைச் சமமாக வைக்கிறதா, கீழே வைக்கிறதா என்று அவருக்குக் கேட்கும். ஒரு சொல்லை எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டிய இடத்தில் தயங்காமல் கேட்கவும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒத்தெல்லோ கேட்கத் தவறிய கேள்வி அது ஒன்றுதான்.